பின்பனி இன்பமும் பற்றறுதியும்

உலகின்கண் உயிர்கள் எய்தும் இன்பங்களைச் சிவநெறிச் செல்வோர் எவ்வாறு கொள்ளற்பாலர் என்னும் வினா, திருமடங்களிலும் சமாசக் கூட்டங்களிலும் பலகாலும் எழுவதொன்று. அதற்கு இருவகை விடை கூறக் கேட்டிருக்கின்றோம். உலக இன்பமெல்லாம் பாசத்தின் காரியம். ஆகலின் வீடு விரும்புவோன் அவற்றினின்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ளல் வேண்டும் என்பர் ஒருசாரார். இறைவன் படைத்தனவெல்லாம் உயிர்கள் நுகர்தற்கே. ஆகலின் நுகர்ந்து மகிழ்தல்தானே வழிபாடாம் என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டும் சித்தாந்தத்தின் செம்பொருளுக்கு ஒவ்வா. காலந்தோறும் தாமே வந்து தாமே நீங்கும் எளிய இன்பங்களைக் கருத்தோடு ஏற்று, அவை நீங்குங்கால் அமைதியோடு விடுதல், பற்றறுதிக்குத் தக்கதொரு பயிற்சியாம் என்பதே எம் துணிபு. அதனை வெறுஞ் சொல்லளவிற் கூறாது, ஓரூரின் ஒரு பருவத்தை முன்வைத்து ஆராயப் புகுகின்றோம்.

அவ்வூர் திருப்பத்தூர். பாடல்பெற்ற பாண்டிநாட்டுத் திருப்புத்தூர் அன்று. ஏலகிரியும் சவ்வாது மலையும் அருகு சூழ்ந்து நிற்ப, முன்பு வேலூர் மாவட்டத்துள் அடங்கியிருந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தனி மாவட்டத்தின் தலைநகராகிய திருப்பத்தூரே ஈண்டுக் கருதப்பட்டது. இம்மாவட்டத்தின் வடபால் வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல்தொழிலாற் பேர்பெற்று விளங்குகின்றன. அவற்றின் மருங்கே பாலாறு செல்கின்றது. பருவமோ பின்பனி.

மாசி பங்குனி யென்னும் இரண்டு திங்களையும் பின்பனி என வகுத்தனர் நம் முன்னோர். தொல்காப்பியனார் இப்பருவத்தை வேனிலோடு உடன்வைத்துப் பாலைத் திணைக்கும் உரித்தாக்கினர். பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பது கற்றார் அறிந்ததே. வெயில் காயும் வேனில் பிரிவிற்கு உரித்தாதல் எளிதின் விளங்கும். குளிர் நீங்காத பின்பனி அதற்கு உரித்தாயது என்னையெனின், இப்பருவமே ஒரு பிரிவின் பருவமாதலின் என்க. இதன் வைகறை பனிக்கு உரியது. இதன் நண்பகல் வேனிற்கு உரியது. ஒருநாளின் உள்ளேயே ஒன்று நம்மை விட்டு நீங்குவதையும் மற்றொன்று அணுகுவதையும் மெய்யுணர அறிகின்றோம். பெறுதலும் விடுதலும் இத்துணை அணித்தாக நிற்கும் காலம் ஆண்டில் வேறில்லை.

திருப்பத்தூர்ப் பகுதியில் இப்பருவத்தின் இயல்பு யாதெனின் கூறுதும். ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியின் சாரலில் வைகறைப்பொழுதிற் பனி வெண்டிரை போலத் தங்கிநிற்கும். ஞாயிறு இரண்டு பனையளவு உயருமுன் அத்திரை போன இடந் தெரியாது போம். சரிவுகளிலுள்ள மரங்கள் இலையுதிர்த்து வெறுங்கோடாய் நிற்க, இலவமரம் ஓரிலையுமின்றிச் செம்மலர் தாங்கிநிற்கும். தோப்புக்களில் மாமரம் பூங்கொத்து ஈன்று மணம் பரப்பும். வேலியோரத்து ஆவாரையில் எஞ்சிய பொன்மலர்கள் காணப்படும். பனியையே நீராகக் கொண்டு காய்த்த மொச்சையின் கடைப்பறிப்பு இல்லங்களில் கேழ்வரகுக் களிக்குத் துணையாகும். பாதையோரத்துப் புளியமரங்களில் ஆடவர் ஏறிக் கிளைகளை உலுக்க, மகளிர் கீழே பொறுக்கிக் குவிப்பர். பின்னர்த் திண்ணைகளில் அமர்ந்து ஓடு நீக்கிக் கொட்டை பிரிப்பர்.

இவ்வின்பங்களின் தன்மையைச் சிறிது நோக்குக. மாம்பூவின் மணத்திற்கு விலையில்லை. பனியைப் பேழையில் வைத்துப் பூட்டுவாரில்லை. இலவின் செம்மையைத் தனக்கே உரியதென்று ஆவணம் எழுதிக்கொள்வாருமில்லை. ஒருவன் நுகர்தலால் இவை மற்றொருவனுக்குக் குறைவதுமில்லை. வேண்டுமென்று அழைப்பின் வாரா. நில்லென்று தடுப்பின் நில்லா. பெறுவோன்பாற் கருத்தொன்றே வேண்டப்படுவது. அக்கருத்தில்லாதவனுக்கு மாசி முழுதும் கழிந்தபின்னரும் மாமரம் பூத்ததே தெரியாது.

இனி இதனைச் சித்தாந்த நெறியில் வைத்து நோக்குவாம். அனாதியே ஆணவத்தால் மறைப்புண்டு, அறிவு இச்சை செயல்கள் விளங்காது கிடந்த உயிர்க்கு, இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைக் கூட்டுகின்றான். உடம்பும், கருவிகளும், உலகும் மட்டுமல்ல. நுகர்ச்சியும் அவன் கூட்டியதே யென்பதை மறத்தலாகாது. மாயையும் ஒரு மலமே. ஆயினும், ஆணவம்போல் அறிவை முற்றும் மறைப்பதன்று; இரவில் ஏற்றிய விளக்குப்போலச் சிறிதளவு அறிவை விளக்குவது. விடியுந்துணையும் விளக்கு வேண்டப்படும். விடியுமுன் அதனை வெறுத்து அவித்தவன் இருளில் இடறுவான். அதனையே ஞாயிறென்று கொண்டவனோ விடிந்த பின்னரும் கதவு திறவாது உள்ளேயிருப்பான். மேலே யாம் கூறிய இருசாராரும் இவ்விருவருமே யாவர்.

அற்றேல் நடுநிலை யாதெனின், அஃது உயிரின் இயல்பினின்றே பெறப்படும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு தன்னருகில் வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் பாசத்தைச் சாரின் பாசமேயாய் நிற்கும். பதியைச் சாரின் சிவமாந்தன்மை பெற்று நிற்கும். யாதொன்றையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு இல்லை. ஆகவே, இன்பத்தைக் கொள்வதா தள்ளுவதா என்பது வினாவன்று. அவ்வின்பம் வருங்கால் உயிர் எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதே வினா. மாம்பூவின் மணம் மூக்கிற் புகும் அந்நொடியில், ‘யான் பெற்றேன், இஃது எனக்குரியது, நாளையும் வேண்டும்’ என்று எழும் உணர்வு ஒன்றுண்டு. ‘இஃது எனக்கு ஊட்டப்பட்டது’ என்று எழும் உணர்வு மற்றொன்றுண்டு. பொருள் ஒன்றே, மணமும் ஒன்றே, சார்பு இரண்டாயிற்று. முன்னதில் பிராரத்தம் நுகரும்பொழுதே ஆகாமியம் ஏறுகின்றது. பின்னதில் நுகர்ச்சி கழிகின்றது, ஏறுவதற்கு இடமில்லை. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், இறைவன் பணியின் நிற்பார்க்குப் பாசம் நீங்கும் முறைமையை உணர்த்துகின்றது. அப்பணி திருக்கோயிலின் உள்ளே மட்டுமே நிகழ்வதன்று. காண்டலும் உண்டலும் முகர்தலும் அவன் காட்டவும் ஊட்டவும் நிகழ்கின்றன வென்று உணர்ந்து நிற்றலும் அதன்பாற் படும்.

கருத்தோடு வாழ்தல் என்று யாம் கூறியது இதனையே. சாருமிடத்தைத் தெரிந்து சார்தல் கருத்துடைய வாழ்வு; வந்ததைச் சார்ந்து வந்தவாறே இழுப்புண்டு போதல் கருத்தற்ற வாழ்வு. செல்வம் புகழ் முதலிய பேரின்பங்கள்போல் தோன்றுவனவற்றில் இத்தெரிவைப் பயிலுதல் அரிது. அவை வலிதின் இழுக்கும். பனியும் பூவும் மென்மையாக வருதலின், அவற்றிற் பயிலுதல் எளிது. சிறுவன் ஆழ்ந்த மடுவில் நீந்தப் பழகாது முழங்காலளவு நீரிற் பழகுமாறு போல்வது இஃது என்க.

இந்நிலை எவ்வாறு முதிரும் என்பதைத் திருப்பத்தூரின் புளியம்பழமே காட்டும். புளியின் காய்ப்பருவத்தில் ஓடும் சதையும் ஒன்றாய் ஒட்டிநிற்கும். ஓட்டை நகத்தாற் கீறின் சதையும் உடன்வரும். பின்பனியின் குளிரும் வெயிலும் மாறிமாறித் தாக்க, உள்ளே நீர் வற்றிச் சதை சுருங்க, ஓடு தானே விலகி நிற்கும். கையில் எடுத்து அசைத்தால் ஒலிக்கும். விரலால் சிறிதே அழுத்த ஓடு நொறுங்கிப் பழம் வெளிப்படும். பற்றற்ற நிலைக்கு இதனை உவமையாகக் கூறுதல் நம் நாட்டிற் பழைய வழக்கு. ஆயினும் இவ்வுவமையில் இரண்டு செய்திகளைப் பலர் நோக்குவதில்லை.

ஒன்று: ஓடு விலகியது, ஓட்டை உடைத்தமையால் அன்று; பழம் முதிர்ந்தமையால். உலக நுகர்ச்சியை முதிராத நெஞ்சத்தோடு வலிந்து வெறுத்தல், காயின் ஓட்டைக் கீறுதல் போலும். கிழிவது ஓடு மட்டுமன்று. அத்தகைய துறவு சிலகாலங் கழித்துச் சினமாகவும், பிறர் நுகர்ச்சியைக் கண்டு பொறாமையாகவும், தன் துறவைப் பற்றிய செருக்காகவும் வெளிப்படுதலைக் காண்கின்றோம். மலபரிபாகம் என்று நம் ஆசிரியர்கள் பெயரிட்டது கருதத்தக்கது, பரிபாகமாவது முதிர்ச்சி.

மற்றொன்று: ஓட்டினின்றும் நீங்கிய பழம் காம்பினின்றும் நீங்கவில்லை. காம்பிலிருந்து இறங்கும் நரம்புகள் பழத்தைத் தழுவிப் பற்றிக்கொண்டே நிற்கும். ஓட்டை விட்டது காம்பைச் சார்ந்தே நிற்கின்றது. எல்லாவற்றையும் விட்டு எதனையும் சாராது நிற்பதே முத்தியென்பார் மதத்தினின்றும் நம் சித்தாந்தம் வேறுபடும் இடம் இதுவே. பாசத்தை விடுதலும் திருவடியைச் சார்தலும் ஒருங்கே நிகழ்வன. எனவே, எளிய இன்பத்தைச் சுவைக்குங்கால் நாம் தேடவேண்டுவது சுவையின்மையை அன்று; அச்சுவை எக்காம்பின்வழி வந்ததோ அதனை.

ஈண்டு ஒரு தடை எழும். ‘இருவினையொப்பு வாய்த்தவனுக்கு வெயிலும் பனியும் ஒன்றே, இன்பமும் துன்பமும் ஒன்றே. அங்ஙனமாகப் பருவத்தை இனிதென்று பாராட்டுதல் ஒப்புநிலைக்கு மாறன்றோ?’ என்பதே அத்தடை. இருவினையொப்பு என்பது நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்றல். அஃது உணர்ச்சி மரத்துப்போதல் அன்று. நோயால் நாக்கு மரத்தவன் கைப்பையும் இனிப்பையும் ஒன்றாகக் காண்பான். அவனைச் சுவை வென்றவன் என்பாரில்லை. இரண்டையும் செவ்வனே அறிந்து, ஒன்றை நோக்கி ஓடாமலும் மற்றொன்றைக் கண்டு அஞ்சாமலும் நிற்பவனே ஒப்புநிலை எய்தியவன்.

இதற்குச் சான்று வேண்டின் திருநாவுக்கரசு நாயனாரையே காட்டுவாம். பல்லவ வேந்தன் ஏவலால் நீற்றறையில் அடைக்கப்பட்டு ஏழுநாள் இருந்த அப்பெருந்தகையார், ஆண்டு இறைவன் திருவடி நீழலைப் பாடியருளினார். அந்நீழலுக்கு உவமை வேண்டியபொழுது அவர் தத்துவக் குறியீடுகளை எடுத்தாரல்லர். விண்ணுலகச் செல்வத்தை எடுத்தாரல்லர். செவிக்கும் கண்ணுக்கும் மெய்க்கும் இனியவாய், பொழுதோடும் பருவத்தோடும் வந்து செல்லும் எளிய இன்பங்களையே எடுத்துக்கொண்டனர். சுற்றிலும் வெம்மை சூழ்ந்த இடத்தில் அவ்வினிமைகள் அவர்க்கு நினைவில் நின்றது எங்ஙனம்? முன்னர் அவற்றைப் பெற்ற காலத்துத் தந்தவனோடு சேர்த்தே பெற்றிருந்தமையால் என்க. தனக்குரியவென்று பிடித்து வைத்திருந்தவனாயின், நீற்றறையில் அந்நினைவுகள் இழப்பாக நின்று வருத்தியிருக்கும். அவர்க்கோ அவை திருவடியைக் காட்டும் சான்றுகளாய் நின்றன. ஒப்புநிலையில் நின்றாரே இனிமையை இனிமையென்று கூறவல்லார் என்பது இதனாற் பெறப்படும்.

நீற்றறை யென்னும் சொல், திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்து இதனை ஆராயும் நமக்கு மற்றொரு தடையை நினைவூட்டுகின்றது. முன்னதினும் இது வலியது. தோல் பதனிடுமிடங்களில் மயிர் களைதற்பொருட்டுத் தோலைச் சுண்ணாம்புநீரில் ஊறவைப்பர். அந்நீரிலே கைகால் நனைய நின்று பணிபுரிந்தும், ஊறிய தோலைச் சுமந்தும் பிழைப்போர் பலர். ‘பின்பனியின் வைகறைக் குளிரில் அத்தொட்டியருகே செல்லும் ஒருவனிடம் பனியின் இனிமையைக் கூறுதல் தகுமோ? எளிய இன்பம் என்பது உண்டு உடுத்து அமர்ந்திருப்போர் பேச்சன்றோ?’ என்று வினவின், அவ்வினாவைத் தள்ள எமக்கு உரிமையில்லை.

தொழிலின்மேற் குற்றமில்லை யென்பதை முதற்கண் கூறுவாம். திருநாளைப்போவார் நாயனார் திருக்கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டிற்குக் கோரோசனையும் அளித்தவர். கண்ணப்ப நாயனார் திருக்காளத்தியில் தம் கண்ணை இடந்து அப்புதற்கு இடங்காணும்பொருட்டு ஊன்றியது செருப்பணிந்த திருவடியையே. யானைத்தோலைப் போர்வையாகவும் புலித்தோலை உடையாகவும் கொண்டவன் நம் தலைவன். தோலைத் தொடுவோனைத் தாழ்வாக நோக்குவோன் இம்மூவரையும் எங்ஙனம் வணங்குவான் என்பதை எண்ணிப் பார்ப்பானாக.

குற்றம் அவாவின்மேலது. முற்காலத்து இப்பகுதிகளில் ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் என்பவற்றாலே தோல் பதனிடப்பட்டது. வேலியில் மலர்ந்து கண்ணுக்கினிதாகிய ஆவாரையும், பெருமான் சூடும் கொன்றையும் அத்தொழிற்கும் உதவின. பின்னர்க் குரோமிய உப்புக்களைக் கொண்டு விரைவிற் பதனிடும் முறை பரவிற்று; ஏற்றுமதி பெருகிற்று; கழிவுநீர் நிலத்திலும் பாலாற்றிலும் சேர்ந்தது. இது குறித்து எழுந்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல்தொழிற் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றுமோ பயிருக்கு உதவாததாயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பிற் குறிக்கப்பட்டுள்ளது. கெடுத்தவரே அதற்கு ஈடுசெய்தல் வேண்டும், கேடு வருமுன்னரே காத்தல் வேண்டும் என்னும் இரண்டு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அதனால் நிலைநாட்டப்பட்டன. ஆயினும், 2025-ஆம் ஆண்டு சனவரியில் அம்மன்றமே பாலாற்றின் கேட்டினைக் குறித்து மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

இது நீதிமன்றத்தார்க்கும் தொழில் நடத்துவோர்க்கும் மட்டும் உரிய செய்தியென்று சைவர் இருத்தலாகாது. நீர் இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் ஒன்று. மாமரத்திற் பூவை ஊட்டுவதும், மொச்சையிற் பனியை ஊட்டுவதும் எந்த அருளோ அதுவே பாலாற்று மணலின்கீழ் ஊற்றையும் ஊட்டிற்று. பனித்துளியைப் பாராட்டிக்கொண்டே ஆற்றினை மறந்திருப்போமாயின், நாம் சார்ந்தது அருளையன்று, நம் மகிழ்ச்சியையே. அம்மகிழ்ச்சியும் பாசத்தின் வேறொரு வடிவாய் முடியும். ஆகவே, சிவநெறியில் இன்பமென்று ஏற்கத்தக்கதற்கு ஓர் உரைகல் வேண்டும். யாம் கருதும் உரைகல் இது: நாம் பெறுதலால் மற்றோருயிர் இழக்கலாகாது, நம்மை விட்டு நீங்குங்கால் நாம் சினவலாகாது. பனியும் பூவும் இவ்வுரைகல்லில் தேறும். ஊற்றையும் வயலையும் விலையாகக் கொடுத்துப் பெறும் பொருட்பெருக்கம் தேறாது. அப்பொருட்பெருக்கத்தில் நமக்கும் பங்குண்டு. அத்தோலாற் செய்த மிதியடியை நாமும் அணிகின்றோம்.

தொட்டியருகே நிற்போனுக்கு நாம் கூறற்பாலது யாதெனின், ஒன்றுமில்லை, செய்யற்பாலதே உண்டு. அவனுக்குத் தக்க கூலியும், கைகாலுக்குக் காப்பும், மனைவாயிலில் தூயநீரும் கிடைத்தற்குத் துணைநிற்றல் சிவதொண்டேயாம். போதிய உணவில்லாதவனுக்கு எளிய வாழ்வின் இனிமையை எடுத்துக் கூறுதல் அறவுரை போலத் தோன்றும். உண்மையில் அது நம் கடமையினின்றும் நழுவுதல். எளிய இன்பத்தைப் பற்றிய உபதேசம், மிகுதியாகக் கொள்வோரை நோக்கியதாகுக. அவர் சிறிதில் அமைவாராயின், ஆற்றிற்கும் அத்தொழிலாளிக்கும் சிறிது இடம் உண்டாகும். அமைதியுள்ள நெஞ்சம் குறைவாகக் கேட்கும் என்பதே எளிய இன்பத்தினால் உலகிற்கு வரும் பயன்.

மாசியின் தேய்பிறைப் பதினான்காம் இரவு மகாசிவராத்திரி. நான்கு யாமமும் உறங்காதிருத்தல் அதன் நோன்பு. விழித்திருத்தலே வழிபாடாக வகுக்கப்பட்ட இந்நோன்பு, கருத்தோடு வாழ்தலுக்கு ஓர் ஆண்டு அடையாளமாக நிற்கின்றது. அந்நாளின் முன்னிரவில், திருப்பத்தூர்ப் பகுதியில் நின்று நிமிர்ந்து நோக்குவார்க்குப் பெருமானுக்குரிய ஆதிரை மீன் உச்சியை அடுத்துச் செந்நிறமாக விளங்கக் காணலாம். இம்மாவட்டத்துச் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றுண்டு, 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு ஆண்டு நிறுவப்பெற்றது. மழைக்காலத்து முகில் நீங்கிய பின்பனி இரவுகள் வானத்தை நோக்குதற்கு உகந்தவை யென்பது அங்குள்ளார்க்கு மட்டுமன்றி, களத்தில் உறங்கும் உழவனுக்கும் தெரிந்ததே.

அவ்வாதிரை 2019-ஆம் ஆண்டின் இறுதிதொடங்கி மங்கலாயிற்று. 2020 பிப்பிரவரியில், அஃதாவது பின்பனித் தொடக்கத்தில், அதன் ஒளி வழக்கமானதில் மூன்றிலொரு பங்கின் அளவாகக் குறைந்தது. அம்மீன் அழியப்போகின்றதோ என்று உலகெங்கும் ஐயம் எழுந்தது. ஏப்பிரலில் ஒளி மீண்டது. பின்னர் ஆராய்ந்தோர், அம்மீனின் புறத்தில் ஒருபகுதி குளிர்ந்ததும், அது தன்னினின்றே வெளிவிட்ட வாயு புழுதியாய்த் திரண்டு நமக்கும் அதற்கும் இடையில் நின்று மறைத்ததுமே காரணமென்று 2021-இல் வெளியிட்டனர். மீன் அங்கேயே இருந்தது. மறைப்பும் அதனிடத்தினின்றே வந்தது.

உவமை ஒருபுடை யொப்புமையே யாயினும், மறைப்பும் அருளே யென்னும் நம் கொள்கையை இஃது நினைப்பிக்கின்றது. திரோதானசத்தி மலத்தைப் பாகப்படுத்தற்பொருட்டு உடனின்று நடத்தலின் மலமென உபசரித்துக் கூறப்படுமாயினும், உண்மையில் அது சிவனருளே. பின்பனியில் மரம் இலையை இழக்கின்றது. மலை பசுமையை இழக்கின்றது. ஆறு மணலாய்க் கிடக்கின்றது. இவற்றை இன்மை யென்று கொள்வோனுக்கு இப்பருவம் வறுமை. மறைப்பு என்று கொள்வோனுக்கு இஃது ஒரு காத்திருத்தல். இலவம் இலையெல்லாம் உதிர்த்த பின்னரே பூக்கின்றது என்பதை அவன் காண்பான். காத்திருப்போன் கெட்டுப்போனதையும் மறைந்ததையும் பிரித்தறிவான். ஆற்று நீர் வற்றியது பருவத்தின் மறைப்பு. ஆற்று நீர் நஞ்சானது மக்கள் செய்த கேடு. முன்னதைப் பொறுத்தல் கடன். பின்னதைப் பொறுத்தல் கடனன்று.

இனி, இவ்வாழ்வைப் பயில விரும்புவார்க்கு எம் சிற்றறிவிற்கு எட்டியதைக் கூறி முடிப்பாம். நுகருமுன் தந்தவனை நினைத்தல், அளவறிந்து கொள்ளுதல், கொண்டதிற் பகுத்துக் கொடுத்தல், நீங்குங்கால் விடுதல் ஆகிய இந்நான்குமே அதன் உறுப்புக்கள். மாம்பூவைக் காணின் ஒருகணம் நின்று அஞ்செழுத்தை நினைந்து செல்லுதல் முதலாவது. மொச்சை இனிதென்று வயிறு நோவ உண்ணாமை இரண்டாவது. இல்லத்திற் புளி உலுக்கிய நாளில் மரமில்லாத அண்டை வீட்டாருக்கு ஒரு படி அனுப்புதல் மூன்றாவது. நான்காவதே அரிது. பங்குனி முடிவில் ஒருநாள் வைகறையிற் பனி இராது. அன்று ‘போயிற்றே’ என்று வருந்தாது, வேம்பு பூத்திருத்தலைக் காணவல்ல நெஞ்சம் வேண்டும். பருவம் ஆண்டுதோறும் நமக்கு இவ்விடுதலை எளிய அளவிற் பயிற்றுகின்றது. பெரிய விடுதல்கள் பின்னர் வர இருக்கின்றன. உற்றாரும் உடம்பும் நம்மை விட்டு நீங்கும் நாளில் இச்சிறு பயிற்சி உதவும்.

இந்நான்கும் ஒருங்கே அமைந்த ஒரு பணியும் இப்பருவத்திற்கு உண்டு. பின்பனியில் மரமுள்ள திருக்கோயில்களின் பிராகாரம் முழுவதும் சருகு மூடிக்கிடக்கும். திலகவதியார் திருவதிகையில் மேற்கொண்ட திருவலகுப் பணிக்கு ஆண்டில் மிக்க வாய்ப்புள்ள காலம் இதுவே. வைகறையில் எழுந்து, குளிர் கையில் உறைக்கத் திருவலகிடுவோன் ஒருவன், தான் கூட்டிய இடத்திலேயே மீண்டும் ஓரிலை விழக் காண்பான். அவன் சினவான், அல்லது புன்னகை செய்து அதனையும் எடுப்பான். சினந்தவன் முற்றத்தைத் தன் வேலையாகக் கருதினான். புன்னகை செய்தவன் அதனைத் திருமுற்றமாகக் கண்டான். நாளையும் இலை விழும், நாளையும் திருவலகிடலாம். சில கிழமைகளில் உதிர்வதற்கு இலை இராது, மரம் தளிர்க்கும். அன்று அவன் துடைப்பத்தைச் சுவரோரம் சார்த்திவைத்துவிட்டுச் சந்நிதிக்குச் செல்வான்.

திருச்சிற்றம்பலம்.